தீர்ப்பைக் கேள்வியாக மாற்றுதல்: பதின்பருவத்தினருக்குச் சிக்கல் தீர்க்கக் கற்றுத்தரத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"என்னால் எதுவும் முடியாது" என்று பதினைந்து வயது மாணவன் ஒருவன் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "அப்படியெல்லாம் சொல்லாதே, உன்னால் எல்லாம் முடியும்" என்று மறுக்கிறார். அல்லது "நாளையிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து படி" என்று வழி சொல்லிவிடுகிறார். இரண்டும் அக்கறையிலிருந்து வருபவைதாம். ஆனால் முதலாவது, அவனைத் தன் எண்ணத்துக்கு வழக்கறிஞனாக ஆக்கிவிடுகிறது: தான் எவ்வளவு மோசம் என்பதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறான், பேச்சு முடியும்போது அந்த எண்ணம் முன்னைவிட உறுதிப்பட்டிருக்கிறது. இரண்டாவது, சிக்கலைத் தீர்ப்பது பெரியவர்களின் வேலை, தன்னுடையது அன்று என்ற பாடத்தையே மறுபடியும் கற்பிக்கிறது.

இந்தக் கட்டுரை மூன்றாவது வழி ஒன்றைப் பற்றியது. உளவியல் படிக்காத பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், இளைஞர் குழுக்களை நடத்துவோர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இதன் அடிப்படை எளியது. உதவாத எண்ணம் பெரும்பாலும் ஒரு தீர்ப்பின் வடிவில்தான் வருகிறது: "நான் முட்டாள்", "யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை", "இனி எல்லாம் அவ்வளவுதான்". தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே விஷயத்தை விடை தேடக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றிவிட்டால், மனத்துக்கு வேலை கிடைக்கிறது. அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்யப் பழக்குவதுதான் நம் பணி. பின்வரும் படிகள் யாவும் அதற்காகவே.

சற்றுப் பின்னணி

நம்மை வருத்துவது நிகழ்ச்சி மட்டுமன்று, அந்த நிகழ்ச்சிக்கு நாம் கொடுத்துக்கொள்ளும் விளக்கமும்தான் என்ற பழைய கருத்தை ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களிலும் ஆரன் பெக் 1960-களிலும் சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தார்கள். எண்ணத்தையே எடுத்துச் சோதித்துப் பார்ப்பது அவர்கள் வழி. 1971-இல் தாமஸ் டிஜுரில்லா, மார்வின் கோல்ட்ஃபிரைட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வேறொரு முனையிலிருந்து தொடங்கினார்கள்: அன்றாடச் சிக்கல்களை எதிர்கொள்ளும் திறமை போதாமல் இருப்பதே பலருடைய மனத்துயருக்கு எண்ணெய் வார்க்கிறது, அந்தத் திறமையைப் படிப்படியாகக் கற்பிக்க இயலும் என்றார்கள். பிற்காலத்தில் ஆர்தர் நெசுவும் டிஜுரில்லாவோடு சேர்ந்து இதை விரிவாக்கினார். சிக்கலைத் தீர்க்கும் நுட்பம் ஒருபுறம் இருக்க, சிக்கல் என்றாலே ஒருவர் எப்படி எதிர்வினை ஆற்றுகிறார் என்ற அடிப்படை மனநிலைக்கு அவர்கள் சமமான இடம் கொடுத்தார்கள். "சிக்கல் வருவது வாழ்க்கையில் இயல்பு, முயன்றால் ஏதாவது செய்யலாம்" என்பவர் ஒரு வகை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி, இது தீரவே தீராது" என்பவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் ஒன்று அவசரப்பட்டு எதையாவது செய்துவிடுவார்கள், அல்லது தட்டிக்கழித்துக்கொண்டே இருப்பார்கள்.

இவ்விரண்டு வழிகளில், புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே. எண்ணத்தை நேரடியாகச் சோதிப்பது பயிற்சி வேண்டும் கலை. பயிற்சியில்லாதவர் கையில் அது எளிதில் குறுக்கு விசாரணையாகிவிடும். சிக்கலைத் தீர்க்க உட்காரும்போதோ, இருவரும் ஒரே பக்கம் இருக்கிறோம், சிக்கல் எதிரே இருக்கிறது. தவிரவும், ஒரு சிறிய சிக்கல் உண்மையாகவே தீர்ந்துவிட்டால் அது "என்னால் எதுவும் முடியாது" என்பதற்கு எதிரான சான்றாக நிற்கும். நாம் வாயால் சொல்லும் நூறு மறுப்புகளுக்கு அந்த வலிமை இல்லை.

பதின்பருவத்துக்கே உரிய இரண்டு இயல்புகளையும் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு இந்த வயதில் மிக வலுவானது. டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் கற்பனையான பார்வையாளர் கூட்டம் என்று விவரித்தார். இந்த உணர்வு பெரியவர்களிடமும் முற்றிலும் மறைவதில்லை. 2000-இல் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட சட்டையை அணிந்துகொண்டு அறைக்குள் நுழைந்த கல்லூரி மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால் பங்கினரே. இந்த ஆய்வைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அறிவுரை கேட்கப் பிடிக்காதவர்களும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இரண்டாவது இயல்பு, அமைதியான நேரத்து அறிவுக்கும் கொதிப்பான நேரத்து அறிவுக்கும் இடையே உள்ள தொலைவு. ஆற அமர யோசிக்க இடமிருந்தால் பதினாறு வயதினர் ஏறத்தாழப் பெரியவர்களுக்கு நிகராகவே ஆராய்ந்து முடிவெடுக்கிறார்கள் என்றும், உணர்ச்சி மேலோங்கும்போதும் சகவயதினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்தத் திறன் சரிகிறது என்றும் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம். எனவே முதற்படி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதாகிறது.

முதற்படி: கொதிப்பு அடங்கட்டும்

கதவை அறைந்து சாத்திய பத்தாவது நிமிடத்தில் எந்தப் பாடமும் ஏறாது. அந்த நேரத்தில் "இப்போது பேச வேண்டாம், மாலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி மாலையில் வந்து உட்காருங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால், தள்ளிவைத்ததைத் தட்டிக்கழித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நேருக்கு நேர் அமர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டோ ஏதேனும் கைவேலை செய்துகொண்டோ பேசுவது இந்த வயதினருக்கு எளிதாக இருக்கும். நண்பர்களோ உடன்பிறந்தோரோ அருகில் இருக்க வேண்டாம். அரை மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் பேச்சு விரிவுரையாகத் தொடங்கியிருக்கும், அதை நிகழ்த்துபவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

ஒரு சிறிய நோட்டும் பேனாவும் தேவை. பேனா பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் எழுதினால் அது உங்கள் திட்டம். தானே எழுதினால் அது தன்னுடைய திட்டம் என்ற உணர்வு வரும். எழுதப் பிடிக்காதவர்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாம், படமாகவும் வரையலாம்.

இரண்டாம் படி: எண்ணத்தை வந்த சொற்களிலேயே குறித்தல்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு மேலே செல்வோம். பதினான்கு வயது மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். புதிய கல்வியாண்டில் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய தோழியர் மூவரும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். அவர்கள் புதிதாகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர் இல்லை. இரண்டு வாரங்களாக மதிய இடைவேளையில் தனியாக அமர்ந்திருக்கிறாள். கேட்டால், "யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்கிறாள்.

இந்த வாக்கியத்தைத் திருத்தாமல், மென்மையாக்காமல், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள் போதும். "இந்த எண்ணம் கடைசியாக எப்போது வந்தது? அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? அது வந்ததும் நீ என்ன செய்தாய்?" விடைகளிலிருந்து ஒரு சங்கிலி தெரியவரும்: நடைக்கூடத்தில் மூவரும் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள், தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது, தலையைக் குனிந்துகொண்டு வேறு வழியாகப் போய்விட்டாள். அவள் வேறு வழியாகப் போனதைப் பார்த்த தோழியர் என்ன நினைத்திருக்கக்கூடும் என்பதை இப்போதே விவாதிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் அவளுக்கே அது கண்ணில் படக்கூடும்.

எண்ணத்தின் வகையை அடையாளம் காண உளவியல் நூல்கள் நீளமான பட்டியல்களைத் தருகின்றன. அந்தக் கலைச்சொற்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதால் பயன் குறைவு என்பது என் கருத்து; நம் மொழியிலேயே நல்ல பெயர்கள் இருக்கின்றன. சிறிய தவறைப் பேரழிவாகக் காண்பது பேனைப் பெருமாளாக்குவது. பயத்தில் இருக்கும்போது எதைப் பார்த்தாலும் ஆபத்தாகத் தெரிவதற்கு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைவிடச் சரியான வருணனை கிடையாது. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் படிப்பே வராது என்று முடிவுகட்டுவது, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைத் தவறான இடத்தில் பொருத்துவது. பானைச் சோறு முழுவதும் ஒரே தீயில், ஒரே நேரத்தில் வெந்தது, ஆகவே ஒரு பருக்கை போதும். மனிதருடைய நாட்களோ அப்படி ஒன்றுபோல் வேகுபவை அல்ல. பழமொழியை இப்படி மறுத்துப் பேசுவதில் பதின்பருவத்தினர் தனி உற்சாகம் காட்டுவார்கள். பிறர் மனத்தில் இருப்பதைக் கேட்காமலே அறிந்துவிட்டதாக நினைப்பதற்கு, "முகம் பார்த்துச் சோசியம் சொல்லுதல்" என்பது போல ஒரு பெயரை நீங்களே சூட்டிக்கொள்ளலாம். பெயர் வைப்பதன் நோக்கம் குற்றம் கண்டுபிடிப்பதன்று. அடுத்த முறை அதே எண்ணம் வரும்போது "இதோ, மறுபடியும் சோசியம்" என்று அவளே ஓர் அடி விலகி நின்று பார்க்க அது உதவும். அதற்கு மேல் இந்தப் படியில் நேரம் செலவிட வேண்டாம்.

மூன்றாம் படி: தீர்ப்பைக் கேள்வியாக்குதல்

முழு முறையின் உயிர்நிலை இதுதான், ஆகவே இதற்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள். முதல் சந்திப்பு முழுவதும் இதிலேயே கழிந்தாலும் தவறில்லை. பெரும்பாலான முயற்சிகள் தோற்பது, சிக்கல் இன்னதென்று தெளியும் முன்பே தீர்வுக்குத் தாவிவிடுவதால்தான்.

"யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்பதைத் தீர்க்க முடியாது. அது பொய் என்பதால் அன்று. அதில் பிடித்துக்கொள்ள ஒரு முனை இல்லை என்பதால். முனையைக் கண்டுபிடிக்க, நிழற்படக் கருவியில் பதிவாகக்கூடியது என்ன என்று கேட்பது ஒரு நல்ல உத்தி. யாருக்கும் பிடிக்கவில்லை என்பதைப் படம் எடுக்க முடியாது. மதிய இடைவேளையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பதைப் படம் எடுக்கலாம். குழுவில் பெயர் இல்லாததைக் காட்டலாம். ஆகவே அவள் நோட்டில், எண்ணத்துக்குக் கீழே, நடந்தவை மட்டும் தனியே எழுதப்படுகின்றன: "இரண்டு வாரங்களாக இடைவேளையில் தனியாக இருக்கிறேன். புதிய குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. புதிய பிரிவில் இருவரோடு மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன்." கடைசி வாக்கியம் தானாக வந்து விழுந்ததைக் கவனியுங்கள். நடந்ததை மட்டும் எழுதும்போது, தீர்ப்பு மறைத்து வைத்திருந்த விவரங்கள் இப்படித்தான் வெளியே வரும்.

அடுத்து, கேள்வி. "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை இந்த இடத்தில் தவிர்ப்பது நல்லது. "ஏன் என்னைச் சேர்க்கவில்லை", "ஏன் எனக்கு மட்டும் இப்படி நடக்கிறது" என்பவை கேள்விபோல் தோன்றினாலும், செக்குமாட்டைப் போல மனத்தை அதே வட்டத்தில் சுற்றவைப்பவை. மனச்சோர்வு கொண்டவர்கள் தங்கள் துயரத்தின் காரணத்தையும் விளைவையும் திரும்பத் திரும்ப அசைபோடுவது அந்தச் சோர்வை நீட்டிக்கவே செய்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்செமா 1990-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து காட்டினார். அசைபோடுபவர்கள் தாங்கள் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே நம்புகிறார்கள். அதனால்தான் அதிலிருந்து வெளியே வருவது கடினமாக இருக்கிறது. "எப்படி", "என்ன செய்தால்", "எவ்வளவு" என்று தொடங்கும் கேள்விகள் மனத்தைச் செயலின் பக்கம் திருப்புகின்றன.

அவள் முதலில் எழுதும் கேள்வி இப்படி இருக்கலாம்: "அவர்கள் என்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ள என்ன செய்யலாம்?" இது முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் முடியவில்லை, இதன் விடை முழுக்க முழுக்கப் பிறர் கையில் இருக்கிறது. "இதில் உன் கையில் இருப்பது எது, அவர்கள் கையில் இருப்பது எது?" என்று கேளுங்கள். சற்று மௌனம் நிலவும். அந்த மௌனத்தை நிரப்பிவிடாமல் இருப்பதுதான் பெரியவருக்கு இந்த முழு முறையிலும் மிகக் கடினமான பயிற்சி. பத்து நொடி என்பது உட்கார்ந்திருப்பவருக்கு யுகமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் எட்டாவது நொடியில் நீங்கள் வாயைத் திறந்துவிடுவீர்கள்.

பல முறை மாற்றி எழுதிய பிறகு கேள்வி இந்த வடிவத்துக்கு வரலாம்: "வாரத்தில் இரண்டு நாளாவது இடைவேளையில் யாருடனாவது சேர்ந்து உட்கார நான் என்ன செய்யலாம்?" இது சிறியது. கையில் அடங்குவது. ஆனதா ஆகவில்லையா என்று வாரக் கடைசியில் எண்ணிச் சொல்லக்கூடியது. பழைய தோழியரை இழந்த வருத்தம் இதில் தீர்ந்துவிடாது. அது வேறொரு பக்கத்தில் வேறொரு கேள்வியாக எழுதப்படலாம், அல்லது வெறும் வருத்தமாகவே இருக்கலாம். ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வி என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் நீங்கள் தவறவிடக்கூடிய ஒன்று உண்டு. எது சிக்கல் என்பதை அவள்தான் முடிவுசெய்ய வேண்டும். உங்களுக்குக் கவலை தருவது அவளுடைய மதிப்பெண்ணாக இருக்கலாம். அவளுக்குக் கவலை தருவது மதிய இடைவேளை. உங்கள் கவலையைக் கேள்வியாக எழுதவைத்தால் அவள் மரியாதைக்காக எழுதுவாள், அதோடு சரி.

நான்காம் படி: வழிகளைக் குவித்தல்

விளம்பரத் துறையில் இருந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன், குழுவாக யோசனைகளைப் பெருக்கும் முறை ஒன்றை வகுத்து, 1953-இல் வெளிவந்த தம் நூலின் வழியே பரப்பினார். அவருடைய விதிகளில் இரண்டு நமக்குப் போதும்: யோசனைகள் வந்துகொண்டிருக்கும்போது எதையும் விமர்சிக்கக் கூடாது, தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஆறு வழிகளாவது எழுதும் வரை நிறுத்த வேண்டாம் என்று இலக்கு வையுங்கள். முதல் இரண்டும் வழக்கமானவையாக இருக்கும், மூன்றாவதும் நான்காவதும் அபத்தமாக இருக்கும், பயனுள்ளது அதற்குப் பிறகே வரும்.

அபத்தமானவற்றையும் எழுதவிடுங்கள். "பள்ளியையே மாற்றிவிடலாம்", "இடைவேளை முழுவதும் கழிவறையில் ஒளிந்துகொள்ளலாம்" என்று அவள் சொன்னால், முகம் சுளிக்காமல் "எழுது" என்று சொல்ல வேண்டும். உங்கள் புருவம் ஒரு முறை உயர்ந்தால், அதற்குப் பிறகு வருபவையெல்லாம் உங்களுக்குப் பிடித்த விடைகளாகவே இருக்கும். பேனா நின்றுவிட்டால், "உன் தோழி ஒருத்திக்கு இதே நிலை வந்தால் அவளுக்கு என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். தனக்கு வழி தெரியாதவர்கள் பிறருக்கு உடனே வழி சொல்வது இந்த வயதிலும் பொருந்தும். நீங்கள் ஏதேனும் யோசனை சொல்ல விரும்பினால் ஒன்று மட்டும், அதுவும் அனுமதி கேட்டுவிட்டு, அவளுடைய பட்டியலின் நடுவில் எழுதச் சொல்லுங்கள்; கடைசியில் சொல்வது தீர்ப்புபோல் ஒலிக்கும்.

ஐந்தாம் படி: தேர்ந்தெடுத்தலும் திட்டமும்

ஒவ்வொரு வழிக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் போதும்: இதனால் இப்போது என்ன ஆகும், ஒரு மாதம் கழித்து என்ன ஆகும். கழிவறையில் ஒளிவது இன்று நிம்மதி, ஒரு மாதத்தில் இன்னும் தனிமை என்பதை அவளே எழுதுவாள். விரிவான மதிப்பெண் அட்டவணைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. வீட்டுப்பாடம்போல் தோன்றும் எதுவும் இந்த முறையைக் கொன்றுவிடும்.

தேர்ந்தெடுத்த வழியைத் திட்டமாக்கும்போது, "முயற்சி செய்கிறேன்" என்று விட்டுவிடாமல், இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று எழுதவையுங்கள். இப்படி நேரத்தையும் இடத்தையும் செயலோடு முன்கூட்டியே பிணைத்துவைப்பவர்கள், பொதுவாக உறுதி மட்டும் எடுத்துக்கொள்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. நம் மாணவி எழுதக்கூடியது: "செவ்வாய்க்கிழமை இடைவேளை மணி அடித்ததும், அறிவியல் வகுப்பில் பக்கத்தில் உட்காருபவளிடம் போய், இங்கே உட்காரலாமா என்று கேட்பேன். அவள் அன்றைக்கு வராவிட்டால் புதன்கிழமை கேட்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சரி என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போவேன்." கடைசி வாக்கியம் இன்றியமையாதது. தோல்விக்கும் ஒரு திட்டம் இருந்தால்தான் முயல்வதற்குத் துணிவு வரும். கேட்கப்போகும் வாக்கியத்தை உங்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். சங்கடமாகச் சிரித்தாலும் அந்த ஒத்திகை மறுநாள் நாவில் நிற்கும்.

ஆறாம் படி: திரும்பிப் பார்த்தல்

பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள், எண்ணப்போக்கு மாறுவதோ இங்கேதான். ஒரு வாரம் கழித்து அமரும்போது "வெற்றியா தோல்வியா" என்று கேட்க வேண்டாம். "என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது?" என்று கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதவையுங்கள். பக்கத்து இருக்கைக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நம் மாணவி நினைத்தாள். அந்தப் பெண்ணோ ஒன்றும் சொல்லாமல் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள், பேச்சு அதிகம் இல்லை. பயந்த அளவுக்கு மோசமில்லை, கனவு கண்ட அளவுக்கு இனிமையுமில்லை. நடப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட அரைகுறையான விளைவுதான். அந்த நடுவிடத்தைக் காணப் பழகுவதே, நூறு இல்லாவிட்டால் பூஜ்யம் என்று பார்க்கும் கண்ணுக்கு மருந்து. முதல் வாரம் எழுதிய "யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்ற பக்கத்துக்குத் திரும்பி, அந்த வாக்கியத்தை இன்று எழுதினால் எப்படி எழுதுவாள் என்று கேட்கலாம். "சிலருக்கு என்னைத் தெரியாது" என்று மாறியிருந்தால் அது பெரிய மாற்றம். மாறாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம்.

திட்டத்தையே செயல்படுத்தவில்லை என்றால், அதைச் சோம்பலாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் படி உயரமாக இருந்திருக்கும், பாதியாக்குங்கள். "உட்காரலாமா என்று கேட்பது" கடினமென்றால், "வகுப்பில் அவளிடம் ஒரு பாடக் குறிப்பைக் கேட்பது" என்று இறங்கலாம்.

தீர்க்க முடியாதவை

பெற்றோர் பிரிவது, நெருங்கியவரின் மரணம், நீண்ட நோய், ஒருவர் மனத்தில் தன் மீது விருப்பம் இல்லாமை ஆகியவற்றை எந்தப் பட்டியலும் மாற்றாது. இங்கே ஆறு வழிகளை எழுதச் சொல்வது கொடுமை. மன அழுத்தத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் லாசரசும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் செய்த வேறுபாடு இங்கே கைகொடுக்கும்: மாற்றக்கூடிய நிலையில் சிக்கலைக் குறிவைப்பது ஒன்று, மாற்ற முடியாத நிலையில் அதனால் எழும் உணர்ச்சியைத் தாங்கக் கற்பது மற்றொன்று. இத்தகைய துயரங்களுக்குள்ளும் ஒரு சிறு கேள்வி இருக்கலாம். பெற்றோர் பிரிவதைத் தடுக்க முடியாது, ஆனால் "தேர்வு வாரத்தில் நான் எந்த வீட்டில் இருந்து படிப்பது?" என்பதற்கு விடை உண்டு. அந்தக் கேள்வியை அவர்களாகக் கண்டடையும் வரை உடனிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

ஆனால் கேட்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. தோழியர் இருவர் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்வது நட்பை நெருக்கமாக்கினாலும், மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையது என்று அமண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரியவரும் பிள்ளையும் வாரந்தோறும் ஒரே கதையைப் பேசி முடித்துப் பிரிந்தால் அங்கேயும் அதுவே நடக்கலாம். மூன்று சந்திப்புகளாக நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதைக் கவனியுங்கள்.

உங்கள் எல்லை

10 முதல் 19 வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எனவே நீங்கள் பேசும் பிள்ளைகளில் சிலருக்கு இந்த முறை மட்டும் போதாது. சாக வேண்டும்போல் இருக்கிறது என்ற பேச்சு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட தடயம், உடல் அல்லது பாலியல் வன்முறை, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் தூக்கமின்மையும் உணவில் வெறுப்பும், முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, பிறருக்குக் கேட்காத குரல் தனக்குக் கேட்பது ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் நோட்டை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ நாடுங்கள். உடனடி ஆபத்து என்றால் தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் தேவையற்றது. கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்பதே ஆய்வுகள் தரும் விடை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை எந்த நிலையிலும் தர வேண்டாம். "உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தென்றால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள்.

சிக்கல் என்று எழுதப்படுவது உண்மையில் ஓர் அநீதியாக இருக்கும்போதும் இந்த முறை பொருந்தாது. வகுப்பில் தொடர்ந்து அடித்துத் துன்புறுத்தப்படும் சிறுவனிடம் "நீ என்ன செய்யலாம்?" என்று கேட்பது, பொறுப்பைப் பாதிக்கப்பட்டவன் தலையில் கட்டுவதாகும். அங்கே செயல்பட வேண்டியவர் பெரியவர்.

எவ்வளவு காலம்

வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு சந்திப்புகள் தொடக்கத்துக்குப் போதும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, உளச்சிகிச்சையில் முறையான முன்பயிற்சி இல்லாத ஆலோசகர்கள் நான்கைந்து குறுகிய சந்திப்புகளில் இதே அடிப்படையிலான பயிற்சியைத் தந்தார்கள். மாணவர்கள் தாங்களே குறிப்பிட்ட சிக்கல்களின் சுமை, கையேடு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் ஆறு வாரங்களில் அதிகமாகக் குறைந்தது. பொதுவான மனநல அறிகுறிகளில் அதே ஆறு வாரங்களில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இதை நான் ஏமாற்றமாகப் பார்க்கவில்லை. எதைக் கற்றுத்தருகிறோமோ அது முதலில் மாறுகிறது, மற்றவை மாற நேரம் எடுக்கும்.

இரண்டாவது, மூன்றாவது சிக்கல்களுக்கு வரும்போது உங்கள் கேள்விகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் சிக்கலில் ஒவ்வொரு படியையும் நீங்கள் நினைவூட்டினீர்கள் என்றால், மூன்றாவதில் "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு சந்திப்புகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, பின்னர் தேவைப்பட்டால் மட்டும் என்று விட்டுவிடலாம். நோட்டு பிள்ளையிடமே இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதுகிறாள் என்று கேட்க வேண்டாம். அலமாரியில் துணிகளுக்கு அடியில் கண்ணில் பட்டாலும் திறந்து பார்க்க வேண்டாம்.